யாருடைய முடிவு? வேடமேற்கும் வீடியோ விளையாட்டுகளில் கதையும் தேர்வும்

1. கேள்வி

1817 நவம்பர் 5ஆம் தேதி, புனே நகரின் வடமேற்கில் தாபோடியில் முகாமிட்டிருந்த படைப்பிரிவு ஒன்று முளா ஆற்றைக் கடந்து கட்கிப் போர்க்களத்துக்குப் போனது. அந்தப் படை மராட்டிய ஆட்சியாளரான பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பணிக்காக ஐரோப்பிய முறையில் பயிற்றப்பட்டது. அதன் தலைவர் ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர். அன்று அது பேஷ்வாவுக்கு எதிராக, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு தோள் சேர்ந்து நின்றது. பேஷ்வாவின் அமைச்சர் மோரோ தீட்சித் ஃபோர்டின் நெருங்கிய நண்பர். போர் தவிர்க்க முடியாதது என்று தெரிந்ததும் இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: எந்தப் பக்கம் வென்றாலும் வென்றவர் மற்றவரின் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். மோரோ தீட்சித் களத்திலேயே விழுந்தார். அவர்மேல் பாய்ந்த குண்டு ஃபோர்டின் பிரிவைச் சேர்ந்த பீரங்கியிலிருந்து வந்தது என்று அக்கால வரலாறுகள் சொல்கின்றன.

உப்பிட்டவர் ஒருவர், இனத்தார் வேறொருவர், நண்பன் எதிரணியில். இந்த நெருக்கடியை ஒரு வேடமேற்கும் விளையாட்டாக, அதாவது ஆர்.பி.ஜி.யாக, செய்யச் சொன்னால் முடிவெடுப்பது யார்? கதை எழுதுபவரா, ஆடுபவரா, விளையாட்டின் விதிகளா? உலகின் ஆர்.பி.ஜி.கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது முதன்மையாக இந்த இடத்தில்தான். வாளா துப்பாக்கியா, மந்திரமா விண்கலமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் வேறுபாடுகள்.

விளையாட்டு விமர்சனத்தில் பரவலாக உள்ள அளவுகோல் எண்ணிக்கை சார்ந்தது: எத்தனை பாதைகள், எத்தனை முடிவுகள், எவ்வளவு சுதந்திரம். இந்த அளவுகோல் போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். எந்த நிலையில் நின்று தேர்வு செய்கிறோம், விளைவை யார் சுமக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் ஓர் ஆர்.பி.ஜி.யை மதிப்பிட முடியாது. இந்தியாவிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் அண்மைக் காலத்தில் உருவான சில படைப்புகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று புனேயிலேயே உருவானது.

2. நடுவரின் நாற்காலி

தாபோடியில் இன்று இந்திய ராணுவத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மணலில் நிலத்தின் மாதிரியைச் செய்து, அதன்மேல் படை நகர்வுகளை ஒத்திகை பார்ப்பது எல்லா நாட்டு ராணுவங்களுக்கும் பழகிய பயிற்சி. ஆர்.பி.ஜி.யின் முன்னோர்களைத் தேடிப் போனால் நாம் வந்து சேர்வதும் இப்படி ஒரு மேசைக்குத்தான்.

1812இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் போர் விளையாட்டு ஒன்றை அரசருக்கு அளித்தார். அவருடைய மகன் 1824இல் அதை வரைபடமும் தாயக்கட்டையும் கொண்ட பயிற்சி முறையாக்கினார். அதில் இரு அணிகளுக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார். ஆடுபவர் தம் ஆணையை அவரிடம் சொல்வார். அதன் விளைவை நடுவர் அறிவிப்பார். விதிகள் பெருகிப் பெருகி அதிகாரிகள் சலித்துப்போன நிலையில், 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி விதிப்புத்தகத்தைச் சுருக்கி நடுவரின் அனுபவ அறிவையே நம்பலாம் என்று வாதிட்டார். விதியா, மனிதத் தீர்ப்பா என்ற அந்த விவாதம் இன்றுவரை இந்தக் கலையை விட்டு நீங்கவில்லை.

1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஆடியவர்களுக்குப் படைகளுக்குப் பதிலாக ஓர் ஊரின் மனிதர்களை அவர் ஒதுக்கிக் கொடுத்தார். நகரத் தலைவர், மாணவர் என்று ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு நோக்கம். அந்த வட்டத்திலிருந்த டேவ் ஆர்னசனும், விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார, ஒருவர் நடுவராகக் கதையை நடத்துவார். "கதவைத் தட்டாமல் கூரை வழியாக இறங்குகிறேன்" என்று ஒருவர் சொன்னால், புத்தகத்தில் இல்லாத அந்தச் செயலுக்கும் நடுவர் அங்கேயே ஒரு விளைவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையில் மாணவர்கள் இதைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். தாயம் போடுவதும், காயத்தைக் கணக்கிடுவதும், நிலவறையின் வரைபடத்தை நினைவில் வைப்பதும் கணினிக்கு எளிது. கூரை வழியாக இறங்குபவருக்கு என்ன பதில் சொல்வது என்பது அதற்குத் தெரியாது. விதிகள் முழுதாக வந்து சேர்ந்தன; நடுவர் வரவில்லை. அன்று காலியான அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பதற்கு அளிக்கப்பட்ட வெவ்வேறு விடைகளாகவே பிற்கால ஆர்.பி.ஜி. மரபுகளை நான் வாசிக்கிறேன்.

3. கிழக்கு, மேற்கு என்ற எளிய பிரிவினை

வழக்கமான வகைப்பாடு இரண்டு முகாம்களைச் சொல்லும். மேற்கத்திய ஆர்.பி.ஜி. சுதந்திரம் தரும், கேரக்டரை நாமே படைக்கலாம், உலகில் எங்கும் போகலாம். ஜப்பானிய ஆர்.பி.ஜி. கதை தரும், நாயகன் ஏற்கெனவே எழுதப்பட்டவன், நாம் அவனோடு கூடப் போகிறோம். இதில் உண்மை இருக்கிறது. 'அல்டிமா', 'விசர்ட்ரி' இரண்டும் 1981இல் அமெரிக்காவில் வந்தன. அவற்றை விரும்பி ஆடிய யூஜி ஹோரி, 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' வழியாக அந்த வகையை எளிமைப்படுத்தி ஜப்பானிய வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தார். நடுவரின் நாற்காலியில் கதாசிரியர் உட்கார்ந்தார்.

'டிராகன் குவெஸ்ட்'டில் ஒரு சிறு காட்சி இதைத் துலக்கமாகக் காட்டும். மீட்கப்பட்ட இளவரசி ஒரு கேள்வி கேட்கிறாள். ஆம், இல்லை என்று இரண்டு விடைகள் திரையில் தெரிகின்றன. "இல்லை" என்றால் அவள் வருந்தி அதே கேள்வியை மறுபடி கேட்பாள். "ஆம்" என்று சொல்லும்வரை கதை நகராது. இதைப் போலித் தேர்வு என்று ஒதுக்குவது வழக்கம். ஆனால் அதே ஆட்டத்தின் இறுதியில் எதிரி அரசன் உலகில் பாதியைத் தருவதாகச் சொல்கிறான். சரி என்று ஒப்புக்கொண்டால் ஆட்டம் உண்மையிலேயே முடிந்துபோகிறது. இளவரசியிடம் பொய்யாக இருந்த அதே இரண்டு விடைகள் இங்கே மெய்யாகிவிடுகின்றன. தேர்வு தருவதாகக் காட்டி மறுப்பதும், மறுக்கும் என்று நினைக்கும்போது தருவதும் ஹோரியின் கதைசொல்லல்.

1995இல் வந்த 'குரோனோ டிரிகர்' இந்த இருமுகாம் வகைப்பாட்டையே குலைத்துவிடுகிறது. தொடக்கத்தில் நாயகன் ஒரு திருவிழாவில் சுற்றுகிறான். மேசையில் யாருடையதோ ஒரு சாப்பாடு இருக்கிறது, எடுத்துச் சாப்பிடலாம். தொலைந்த பூனையைச் சிறுமியிடம் சேர்க்கலாம், சேர்க்காமலும் போகலாம். இவற்றில் எதையும் தேர்வு என்று விளையாட்டு அறிவிப்பதில்லை. பின்னர் அவன் நீதிமன்றக் கூண்டில் நிற்கும்போது, அன்று செய்தவை ஒவ்வொன்றும் சாட்சியமாக வருகின்றன. பெட்டியில் விடைகளைப் பட்டியலிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பல மேற்கத்தியப் படைப்புகளைவிட இது நடத்தையைக் கூர்மையாகக் கவனிக்கிறது. ஆடுபவர் தேர்வு செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் தம் இயல்பைக் காட்டிவிடுகிறார்.

மறுபுறம், மேற்கிலும் எழுதப்பட்ட நாயகர்கள் உண்டு. போலந்தின் 'விட்சர் 3' (2015) ஆட்டத்தின் நாயகன் கெரால்ட் நாவலிலிருந்து வந்தவன். அவன் குணத்தை நாம் மாற்ற முடியாது. அதில் ஒரு மரத்தில் சிறைப்பட்ட ஆவியை விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் அருகிலுள்ள ஊர் அழிகிறது, அந்தப் பகுதியை ஆளும் ஒருவரின் குடும்பமும் சிதைகிறது. நல்லது இது, கெட்டது இது என்று முத்திரை குத்த இயலாத இந்த அமைப்பு, 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' நாயகனின் நடத்தையை இரண்டு அளவுகோல்களில் புள்ளிகளாகக் கூட்டிய முறைக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. மேற்குக்குள்ளேயே இத்தனை தூரம் இருக்கும்போது, நாட்டின் பெயரால் மரபைப் பிரிப்பது எதையும் விளக்குவதில்லை.

4. அறத்தின் கட்டங்கள்

1985இல் ரிச்சர்ட் காரியட் வெளியிட்ட 'அல்டிமா 4' தனித்துப் பேச வேண்டிய படைப்பு. கொல்ல வேண்டிய இறுதி எதிரி அதில் இல்லை. நேர்மை, கருணை, வீரம் முதலான எட்டு நற்பண்புகளில் தேர்ந்து 'அவதார்' ஆவதே நோக்கம். இந்து மரபிலிருந்து காரியட் எடுத்த அந்தச் சொல்தான் பின்னர் கணினி உலகம் முழுவதும் பரவியது. அதில் மூலிகை விற்கும் பார்வையற்ற வணிகர் ஒருவர் வருவார். எவ்வளவு காசு வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. குறைத்து வைத்தாலும் அந்த நேரத்தில் எதுவும் நடக்காது. நேர்மையில் விழுந்த அடி பின்னர் தேர்ச்சி கேட்கும்போது தெரியவரும்.

இதை வாசிக்கும் தமிழருக்குப் பரமபதம் நினைவுக்கு வராமல் போகாது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடிய அந்தப் படத்தில் நற்குணம் ஏணியாகவும் தீக்குணம் பாம்பாகவும் நிற்கும். மராத்தியில் அதற்கு மோக்ஷபட் என்று பெயர். துறவி ஞானேஸ்வரர் உருவாக்கியது என்பது அங்குள்ள மரபு. அவருடைய சமாதி இருக்கும் ஆளந்தி தாபோடியிலிருந்து தொலைவில்லை. ஆனால் பரமபதத்தில் நற்குணம் கட்டத்தில் எழுதியிருக்கிறதே தவிர, ஆடுபவர் அதைச் செய்வதில்லை. தாயம் விழுந்தால் ஏறுவார்; விழாவிட்டால் பாம்பின் வாய். ஊழை உணர்த்த அது சிறந்த கருவி. காரியட் செய்தது, தாயத்தின் இடத்தில் நடத்தையை வைத்தது.

அதிலும் ஒரு பலவீனம் உண்டு. நேர்மை ஒரு எண் என்று தெரிந்த கணமே ஆடுபவர் எண்ணுக்காக நேர்மையாக இருக்கத் தொடங்குகிறார். தானம் கொடுத்தால் இவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுத் தானம் செய்கிறார். அறத்தை அளவிட முயன்ற எல்லா ஆர்.பி.ஜி.களும் இந்தச் சுவரில் மோதியிருக்கின்றன. 2019இல் எஸ்டோனியக் கலைஞர்கள் செய்த 'டிஸ்கோ எலிசியம்' இதற்குக் கண்ட மாற்று வழி என்னைக் கவர்ந்தது. அதன் 24 திறன்களும் நாயகனின் தலைக்குள் ஒலிக்கும் குரல்கள். திறன் உயர உயர அந்தக் குரல் அவனை அதிகம் ஆள்கிறது. தவறான யோசனையும் சொல்கிறது. எண் கூடுவது நன்மை என்ற ஆர்.பி.ஜி.யின் அடிப்படை நம்பிக்கையே அங்கே ஆட்டம் காண்கிறது. தாயம் பொய்த்தால் கதை நிற்பதும் இல்லை; தோல்வி வேறொரு உரையாடலுக்குக் கதவு திறக்கிறது.

5. கிளைகளின் செலவு

தேர்வைக் கூட்டினால் நல்லது என்றால் ஏன் எல்லோரும் கூட்டுவதில்லை? கணக்கு எளிது. ஒவ்வொன்றிலும் இரண்டு வழிகள் வீதம், ஒன்றோடொன்று கலக்காத பத்துத் தேர்வுகள் இருந்தால் முடிவுகள் 1024 ஆகும். ஒவ்வொரு கிளைக்கும் வசனம் எழுத வேண்டும், குரல் பதிவு செய்ய வேண்டும், அசைவுகள் செய்ய வேண்டும், பிழை சோதிக்க வேண்டும். பெரும்பாலான ஆடுபவர்கள் அவற்றில் ஒரு கிளையைத்தான் பார்ப்பார்கள். ஆகவே எல்லா நிறுவனங்களும் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கூட்டுகின்றன. ஊரைக் காப்பாற்றினாலும் கைவிட்டாலும் அடுத்த அத்தியாயத்தில் அதே கோட்டை வாசலில்தான் நிற்போம். காவலாளி பேசும் இரண்டு வரி மட்டும் மாறியிருக்கும்.

இந்தச் சிக்கனம் வெளிப்பட்டுவிடும்போது கோபம் வெடிக்கிறது. 2012இல் 'மாஸ் எஃபெக்ட் 3' மூன்று பாகங்களின் தேர்வுகளையும் ஒரு சில முடிவுகளுக்குள் சுருக்கியது. ரசிகர்களின் எதிர்ப்பு பெரிதாகி, அந்த ஆண்டிலேயே விரிவாக்கப்பட்ட முடிவை இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று. எதிர்த் துருவத்தில், பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023இல் 'பால்டர்ஸ் கேட் 3'க்கு 17,000 வகையான முடிவுகள் இருப்பதாகச் சொன்னது. அந்த ஆட்டம் பெரும் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. திரையில் உருளும் இருபது பக்கத் தாயம் பழைய மேசையின் பரபரப்பை மீட்டுத் தருகிறது. ஆனால் அதன் தகுதி அந்த எண்ணில் இல்லை. கூட வரும் தோழர்கள் நம் செயலுக்கு முகம் சுளிக்கிறார்கள், வாதாடுகிறார்கள், சில வேளை நம்மை விட்டுப் போகிறார்கள். நடுவரின் நாற்காலியை அது ஓரளவு அவர்களிடம் பகிர்ந்தளித்திருக்கிறது.

விளைவின் கனத்தைக் கரைக்கும் இன்னொரு வசதி சேவ் செய்வது. தவறாகிவிட்டதா, பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். 2015இல் டோபி ஃபாக்ஸ் செய்த 'அண்டர்டேல்' இந்த வசதியையே குற்றச்சாட்டாக மாற்றியது. ஒருவரைக் கொன்றுவிட்டு, வருந்தி, பழைய இடத்துக்குத் திரும்பிக் காப்பாற்றினால், ஆட்டத்தின் ஒரு கேரக்டர் நீ முன்பு செய்ததை நான் அறிவேன் என்று சொல்லும். ஆடுபவரின் முதுகுத்தண்டு சில்லிடும் இடம் அது.

6. புனேயிலிருந்து ஒரு பெண்

புனேயில் இயங்கும் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' இந்திய விளையாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். 2017இல் இணையம்வழிப் பொதுநிதி திரட்டும் முயற்சி இலக்கை எட்டாமல் போன பிறகும் அந்தச் சிறு குழு விடவில்லை. 2020ஆம் ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் ராஜி இடம்பெற்றது. கூத்தாடிச் சிறுமி ராஜி, அசுரர்கள் கவர்ந்துபோன தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் ஆயுதங்கள் அருளுகிறார்கள். ராஜஸ்தானத்துக் கோட்டைகளின் சாயலில் மண்டபங்கள், சுவரோவியங்கள், நிழற்பாவை போன்ற இடைக்காட்சிகள் என்று அதன் கண்ணுக்கு விருந்தான பகுதிகள் ஏராளம்.

வகையால் ராஜி அதிரடி சாகச விளையாட்டு, ஆர்.பி.ஜி. அல்ல. ஆனாலும் ஆர்.பி.ஜி.யிடமிருந்து அது கடன் வாங்கிய ஓர் அம்சம் இங்கே பொருத்தமானது. மின்னல், நெருப்பு, பனி என்ற ஆற்றல்களுக்குப் புள்ளிகளைப் பங்கிடலாம். வேண்டாமென்றால் எந்த நேரத்திலும் எடுத்து வேறொன்றில் போடலாம். விளைவில்லாத தேர்வு. கதையிலோ தேர்வே இல்லை. இதைக் குறையாகச் சொல்வது எளிது. முப்பரிமாணத்தில், குரல் பதிவோடு, முதல் படைப்பைச் செய்யும் குழுவுக்குக் கிளைக்கதை கட்டுப்படியாகாது என்பதை முந்தைய பகுதியின் கணக்கே காட்டும். ஆகவே ராஜியிடம் 'பால்டர்ஸ் கேட்'டை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. ராஜி சண்டையிடும்போது துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதற்கு மிக நெருக்கமான வேலை இது. வேடம் கட்டி மேடைக்கு வரும் அரசனை மறித்து நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்பவன் கட்டியக்காரன். அவனுக்குப் பதில் சொல்லியே வேடம் தன்னை நிலைநிறுத்தும். ராஜியின் கடவுளர் அவளிடம் எதையும் கேட்பதில்லை. தம்பிக்காகப் போகும் இந்தப் பெண்ணுக்கு அசுரனைக் கொல்வதைத் தவிர வேறு கேள்வியே எழவில்லையா? கேட்டிருந்தால், கதையை ஒரு கிளைகூடப் பிரிக்காமலே அவளை ஆடுபவரின் வேடமாக்கியிருக்க முடியும். ஆட்டத்தின் முடிவு சட்டென்று நின்றுவிடுகிறது என்று பல விமர்சகர்கள் சொன்னதற்கும் இதுவே அடிப்படைக் காரணம் என்று நினைக்கிறேன். பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இல்லாத கதை எங்கே முடிந்தாலும் பாதியில் முடிந்ததாகவே தோன்றும்.

7. கட்டுப்பட்டவர்களின் தேர்வு

2014இல் வெளிவந்த 'அன்ரெஸ்ட்' தோற்றத்தில் ராஜிக்கு முன் நிற்க முடியாது. அர்விந்த் ராஜா யாதவ் தொடங்கிய பைரோடாக்டில் என்ற இந்திய நிறுவனம் செய்த எளிய இருபரிமாண ஆர்.பி.ஜி. அது. களம் பீம்ரா என்ற கற்பனை நகரம்; பண்டைய இந்தியாவின் சாயல்; வறட்சி, பசி, கலகம். பேராற்றல் கொண்ட வீரர் யாரும் இல்லை. சில சாதாரண மனிதர்களின் வேடங்களை மாறி மாறி ஏற்கிறோம். அதில் ஒருத்தி விருப்பமில்லாத திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஏழைப் பெண்.

அவளுடைய பகுதிதான் என் வாதத்தின் மையச் சான்று. அவளிடம் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. பெற்றோரிடம் பேசலாம், மணமகனிடம் பேசலாம், ஊரில் சிலரிடம் பேசலாம். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அவரவர் மனதில் நம்மீதுள்ள நட்பும் மதிப்பும் அச்சமும் கூடுகின்றன, குறைகின்றன. மறுத்தால் வீட்டுக்கு என்ன ஆகும், இணங்கினால் தனக்கு என்ன ஆகும், ஓடிப்போனால் எங்கே போவது? வழிகள் சிலவே, ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, அதைக் கொடுப்பது அவள் மட்டுமல்ல. நடுவரின் நாற்காலியில் இங்கே ஊரும் உறவும் உட்கார்ந்திருக்கின்றன. எங்கும் போகலாம், எதையும் செய்யலாம் என்று வாக்களிக்கும் ஆர்.பி.ஜி.களில் வேடம் என்பது பெரும்பாலும் உடுப்பு. இங்கே அது ஒரு சமூக நிலை.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம். நிஜ வாழ்வில் கட்டுண்டு கிடப்பவர்கள் விளையாட்டிலாவது விடுதலை தேடி வருகிறார்கள். அங்கும் கட்டுப்பாட்டைக் காட்டுவது எதற்கு? இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். வேலை முடிந்து வந்து டிராகனைக் கொல்பவருக்கு அந்த இன்பத்துக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒரு கலைவடிவம் அந்த ஓர் இன்பத்தோடு நின்றுவிட்டால் அது தன் கருவிகளில் பாதியைப் பயன்படுத்தாமலே போகும். நாவலுக்கும் சினிமாவுக்கும் இல்லாத ஓர் ஆற்றல் ஆர்.பி.ஜி.க்கு உண்டு. பிறர் கட்டுண்டிருப்பதைப் பார்க்க வைப்பதோடு நிற்காமல், அந்தக் கட்டுக்குள் நம் கையாலேயே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது.

கொல்கத்தாவில் கலைஞர் லீனா கேஜ்ரிவாலின் முயற்சியில் 2016இல் வந்த 'மிஸ்ஸிங்: கேம் ஃபார் எ காஸ்' இதே வழியில் இன்னும் துணிந்து போனது. பாலியல் தொழிலுக்காகக் கடத்திக் கொண்டுபோகப்பட்ட சிறுமியின் வேடம் ஆடுபவருக்கு. தப்பிக்க வழி தேட வேண்டும். யாரை நம்புவது என்று முடிவெடுக்க வேண்டும். விழிப்புணர்வு நோக்கம் சில இடங்களில் கதையை முந்திக்கொண்டு போகிறது என்றாலும், கைபேசியில் இலவசமாகக் கிடைத்ததால் விலை உயர்ந்த கணினி இல்லாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

தமிழர்கள் நன்கறிந்த 'வெண்பா' (2023) ஆர்.பி.ஜி. அல்ல, சமையலும் உரையாடலும் கொண்ட கதை விளையாட்டு. டொரோன்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியும், அவர்கள் மகன் கவினும் பாத்திரங்கள். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாவற்றுக்கும் ஆவி போகும் என்று நாமே யோசித்து அடுக்க வேண்டும். தவறினால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். உரையாடலில் நாம் தேர்ந்தெடுக்கும் வரிகளும் கதையின் போக்கை மாற்றுவதில்லை. மகன் விலகுவான், அம்மா காத்திருப்பாள். பின்னர் கவினின் இடத்துக்கு நாம் மாறுகிறோம். இப்போது அதே குறிப்பேடு நம் கையில். தமிழ் அவனுக்குச் சரியாக வாசிக்க வராததால் குறிப்புகள் அரைகுறையாகவே தெரிகின்றன. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த ஆட்டம், வேடம் மாறுவது ஒன்றையே கருவியாகக் கொண்டு, அம்மாவாக இருந்தபோது நமக்குப் புரியாத மகனை உள்ளிருந்து புரியவைக்கிறது. கதையை மாற்றும் தேர்வு ஒன்றுகூட இல்லாமல், ஆர்.பி.ஜி. வாக்களிப்பதை அது நிறைவேற்றிவிடுகிறது.

8. ஃபோர்டின் வேடம்

இனித் தாபோடியின் கதையை ஒரு வடிவமைப்புப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். புள்ளி முறையில் செய்தால் பேஷ்வா விசுவாசம், கம்பெனி விசுவாசம் என்று இரண்டு அளவுகோல்கள் வரும். ஆடுபவர் ஒன்றை நிரப்பிக்கொண்டு போவார். திறந்த உலக முறையில் ஃபோர்ட் ஆற்றைக் கடக்காமல் மீன் பிடிக்கவும் போகலாம். போர் அவருக்காகக் காத்திருக்கும். கதாசிரியர் முறையில் மோரோ தீட்சித்தின் மரணத்தை மாற்ற முடியாது. 1997இல் 'ஃபைனல் ஃபேன்டசி 7' ஏரித் என்ற பெண்ணைக் கொன்றபோது லட்சக்கணக்கானோர் உணர்ந்த கையறு நிலையை நாமும் உணர்வோம்.

நான் செய்தால் ஆற்றைக் கடப்பதைத் தேர்வாக வைக்க மாட்டேன். அது நடந்த வரலாறு; அதை ஆடுபவரின் விருப்பத்துக்கு விடுவது, பேஷ்வா வென்றிருந்தால் என்ன என்ற கனவுக்குள் கதையைத் தள்ளிவிடும். தேர்வை முந்தைய நாட்களில் வைப்பேன். நண்பரிடம் எவ்வளவு சொல்வது, எதை மறைப்பது? உடன்பாட்டில் குடும்பத்தின் பெயரை எப்படிச் சொல்வது? பேஷ்வாவின் சம்பளத்தில் வாழும் சிப்பாய்களிடம் யாரை எதிர்த்துச் சுடப்போகிறீர்கள் என்று எப்போது சொல்வது? அந்தச் சிப்பாய்களில் ஒருவரின் வேடத்தையும் ஆடுபவருக்குத் தருவேன். ஃபோர்டுக்கு இரண்டு விசுவாசங்களுக்கு இடையே தத்தளிக்கும் வசதி இருந்தது. ஆணையைக் கேட்டு ஆற்றில் இறங்கிய சிப்பாய்க்கு எத்தனை வழிகள் இருந்தன? ஒரே நாளை இரண்டு உயரங்களிலிருந்து ஆடும்போதுதான் தேர்வு என்பது எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பது தெரியும்.

9. தமிழில் என்ன வேண்டும்

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு தனிச் சிக்கலும் தனி வாய்ப்பும் உண்டு. நாயகன் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவர் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலத்தில் சில சுட்டுப்பெயர்களை மாற்றினால் போதும். தமிழில் அந்த நபரை 'அவன்', 'அவள்' என்று சொல்லும் வாக்கியங்களில் பெரும்பாலும் வினைமுற்றும் மாறும். அதோடு யார் யாரை ஒருமையில் அழைக்கிறார்கள், யார் யாரை 'வாங்க' என்கிறார்கள் என்பது வயதையும் சாதியையும் பதவியையும் ஒரே அடியில் வெளிப்படுத்திவிடும். இதை மொழிபெயர்ப்பாளரின் தலைவலியாகப் பார்க்காமல் ஆட்டத்தின் கருவியாகப் பார்க்கலாம். ஊர்ப் பெரியவரை எப்படி விளிப்பது என்பதையே ஆடுபவரின் தேர்வாக வைத்து, அதன் விளைவைக் கதை முழுக்கத் தொடரவிடும் ஒரு தமிழ் ஆர்.பி.ஜி.யை நான் ஆட விரும்புகிறேன்.

அதற்கு நிரல் எழுதுபவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், ஓவியர்களும் இருக்கிறார்கள். குறைவாக இருப்பவர்கள் உரையாடல் எழுதத் தெரிந்த, மனிதர்களின் நெருக்கடியை உள்ளிருந்து அறிந்த எழுத்தாளர்கள். சிறுகதையும் நாடகமும் எழுதும் நம் படைப்பாளிகள் இந்த வடிவத்தை நேரம்போக்கு என்று ஒதுக்காமல் 'அன்ரெஸ்ட்'டையும் 'டிஸ்கோ எலிசிய'த்தையும் 'வெண்பா'வையும் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும். சிற்றிதழ்கள் நாவல் விமர்சனத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் சிலவற்றை இவற்றுக்கும் ஒதுக்க வேண்டும். விளையாட்டு நிறுவனங்கள், கதையைக் கடைசியில் ஒட்டும் பழக்கத்தை விட்டு, முதல் நாளிலேயே எழுத்தாளரை மேசைக்கு அழைக்க வேண்டும்.